ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறது: கேமிங் கணினியில் எதை மாற்றுவது?

“பழைய ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. புது கேம் எல்லாம் திணறுது. எதை மாத்தலாம்?” குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கணினி வைத்திருப்பவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்வி இது. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான் வரும்: கிராபிக்ஸ் கார்டை மாற்று. பல சமயம் அது சரியாகவே இருக்கும். சில சமயம் புதுக் கார்டை மாட்டிய பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி திணறும். அப்போதுதான் தெரியும், திணறியது கார்டு இல்லை, பிராசசர் என்று.

கேள்வியிலேயே இரண்டு விவரம் விடுபட்டுப் போகிறது: என்ன கேம் ஆடுகிறீர்கள், மானிட்டர் என்ன? இந்த இரண்டும் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது குத்துமதிப்புதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

1. இப்போது எந்தப் பாகம் மற்றவற்றைக் காக்க வைக்கிறது?
2. இந்தப் பாகத்தை வாங்கினால் கூடவே வேறு எதையெல்லாம் வாங்க வேண்டிவரும்?
3. நாளைக்குப் புதுக் கணினி கட்டும்போது இது அங்கே வருமா, இல்லை பழையதோடு கிடக்குமா?
4. ஆடப்போகும் கேமுக்கு இது தேவையா, அல்லது தேவை என்று எங்கோ படித்ததா?

இதில் இரண்டாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் விலை கார்டுக்கு மட்டும். அந்தக் கார்டு புது எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கேட்டால், கேபினெட்டுக்குள் நுழையாமல் போனால், அதெல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான விலை.

## வாங்குவதற்கு முன்: எது இழுக்கிறது என்று பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போதும். கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் வருகிறது), கார்டின் உழைப்பு, பிராசசரின் உழைப்பு, வீடியோ மெமரி, ரேம், வெப்பநிலை எல்லாம் தெரியும். ஃபிரேமை மானிட்டர் வேகத்துக்குக் கட்டிவைக்கும் வி-சிங்கையும் ஃபிரேம் லிமிட்டையும் எடுத்துவிட்டு, கேமில் உங்களுக்கு அதிகம் தொல்லை தரும் இடத்துக்குப் போங்கள்.

கார்டின் உழைப்பு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் எல்லை. 60, 70 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்து ஃபிரேமும் ஏறவில்லை என்றால், பிராசசர் வேலை கொடுக்கும்வரை கார்டு காத்திருக்கிறது என்று பொருள். பிராசசரின் மொத்த சதவீதத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பாதை) உள்ள பிராசசர் மொத்தமாக 40 சதவீதம் என்று காட்டும்போதே, கேமின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒரே ஒரு கோர் முழுசாகத் திணறிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும்படி வைத்துக்கொள்வது நல்லது.

சந்தேகம் தீரவில்லையா? ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். ஃபிரேம் சட்டென்று ஏறினால் கார்டு எல்லை. அசையவே இல்லை என்றால் பிராசசர் எல்லை. பிக்சலைக் குறைத்தால் கார்டின் சுமைதான் குறையும். பிராசசருக்கு 720பியும் 4கேவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்றாவதாக ஒரு நோய் உண்டு. சராசரி ஃபிரேம் நன்றாகவே இருக்கும், ஆனால் திடீர் திடீரென்று ஒரு நொடி உறையும், அல்லது சுவர், துணி எல்லாம் மங்கலாகவே கிடக்கும். வீடியோ மெமரி நிரம்பி வழிந்து, டெக்ஸ்சர்கள் சாதாரண ரேமுக்குப் போய் வரும்போது இப்படி ஆகும். ரேமே போதாமல் டிஸ்க்கைத் தொடும்போதும் ஏறக்குறைய இதே மாதிரிதான் உறையும். எது நிரம்பியது என்று ஓரத்தில் ஓடும் எண்களே சொல்லிவிடும்.

அப்புறம், காசில்லாமல் சரிசெய்யக்கூடியவை. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டிலா? சிரிக்காதீர்கள், இது நடக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாற்றக்கூடியது, விண்டோஸ் செட்டிங்ஸில் 60இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். ரேம் அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட, பயோஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 3200 ரேம் 2133லோ 2400லோ நகர்ந்துகொண்டிருக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமை அடுத்தடுத்துச் செருகாமல் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுவதுதான் பெரும்பாலான போர்டுகளில் வழக்கம். ஹீட்சிங்கில் படிந்த தூசியைத் தட்டி, காய்ந்த பேஸ்ட்டை மாற்றினாலே சூட்டில் வேகம் குறைந்த பிராசசர் மீண்டு வரும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலரின் பழைய பதிப்புகள் எந்தக் கம்பெனிக் கார்டிலும் ஓடும். என்விடியாவின் அப்ஸ்கேலரான டிஎல்எஸ்எஸ் வேண்டுமானால் ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் திணறினால் பணத்தை எடுக்கலாம்.

## கிராபிக்ஸ் கார்டு

கதையோடு போகும் பெரிய கேம்கள், 1440பி மானிட்டர், ஓரத்தில் 99 சதவீதம் என்று நிற்கும் எண்: இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே முதல் வாய்ப்பு கார்டுதான். இந்த நிலையில் வேறு எந்தப் பாகமும் ஒரே மாற்றத்தில் ஃபிரேமை இரட்டிப்பாக்காது. அடுத்த கணினிக்கும் அப்படியே கழற்றி எடுத்துப் போகலாம்.

பழைய கார்டுகளுக்கு இன்னொரு நெருக்கடியும் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. செட்டிங்ஸை எவ்வளவு இறக்கினாலும் ஜிடிஎக்ஸ் கார்டுக்கு அங்கே வழியில்லை. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. செகண்ட் ஹேண்டில் 1060, 1070 மலிவாகக் கிடைக்கிறதே என்று யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவு. கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இணைப்பு இல்லையென்றால் கார்டின் விலையோடு எஸ்எம்பிஎஸ் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். தனி இணைப்பே கேட்காத கார்டுகளும் உண்டு: ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை 70 வாட், ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட். பழைய ஆபீஸ் கணினியைக் கேமிங்குக்கு மாற்றுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்.

ஆனால் ஆர்எக்ஸ் 6400இலும், 2022 ஜனவரியில் வந்த 6500 எக்ஸ்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதைதான் பிசிஐஇ, அதன் தடங்கள்தான் லேன். இரண்டும் பிசிஐஇ 4.0இன் நான்கு லேனை மட்டும் பயன்படுத்துபவை. வீடியோ மெமரியும் 4 ஜிபிதான். பிசிஐஇ 3.0 போர்டில் செருகினால் அந்தக் குறுகிய பாதையும் பாதியாகிவிடும். மெமரி நிரம்பி வழியும் நேரம் பார்த்துப் பாதையும் அடைபட்டுப் போகும். பழைய போர்டுக்கென்றே மலிவாக வாங்கும் கார்டு, பழைய போர்டில்தான் அதிகம் அடிவாங்குகிறது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை எட்டு லேன் என்பதால் 3.0 போர்டிலும் இழப்பு சொற்பம், 8 ஜிபி நிரம்பாத வரைக்கும்.

இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்ல சரக்கு. பி580இல் 12 ஜிபி மெமரி இருக்கிறது. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே சமயம் அணுக விடுவது) வசதி இல்லாத போர்டில் அதைத் தொடவே வேண்டாம். பழைய பிராசசரோடு சேர்த்தாலும் டிரைவரின் சுமை தாங்காமல் அந்தக் கார்டு தன் தகுதிக்கு ஓடுவதில்லை.

பிராசசர் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் கார்டு வாங்கியது முழு வீண் ஆகாது. மிஞ்சும் சக்தியை ரெசல்யூஷனிலும் டெக்ஸ்சரிலும் செலவழிக்கலாம். ஃபிரேம் ஏறாது, படம் அழகாகும். அதில் திருப்தி அடைபவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

## பிராசசர்

கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் மாதிரிப் போட்டி கேம்களை 144 ஹெர்ட்ஸில் ஆட நினைப்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்கக்கூடும். 60 ஃபிரேமுக்கு ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவினாடி கிடைக்கிறது. 144க்கு 6.9 மட்டும். அதற்குள் எல்லாக் கணக்கையும் முடித்துக் கார்டிடம் கொடுக்க வேண்டியது பிராசசர். கூட்டம் நிறைந்த நகரம், நூறு பேர் சண்டையிடும் மைதானம், மணிக்கணக்கில் வளர்ந்த வியூக விளையாட்டு, இவையும் பிராசசரைத்தான் பிழிகின்றன. கிராபிக்ஸ் தரத்தைக் குறைத்துக் கார்டின் பாரத்தை எளிதில் இறக்கலாம். பிராசசரின் பாரத்தை அப்படி இறக்க வழிகள் குறைவு. கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், ரே டிரேசிங் போன்ற சிலவே உண்டு.

செலவு எவ்வளவு என்பது முழுக்க உங்கள் போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டைப் பொறுத்தது. இங்கே ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017இல் முதல் தலைமுறை ரைசனோடு வாங்கிய போர்டுகளில் பலவும் பயோஸை மட்டும் புதுப்பித்தால் ரைசன் 5 5600ஐ ஏற்றுக்கொள்ளும். போர்டும் ரேமும் அப்படியே இருக்கும். 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) கொண்ட 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி நல்ல விலைக்குக் கிடைத்தால் இன்னும் பல வருடம் ஓட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால் திரும்ப மாட்ட வேண்டியதுதான்.

இன்டெலில் கதை வேறு. 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே, எல்ஜிஏ 1151. ஆனால் ஒன்றின் போர்டில் மற்றதை இன்டெல் அனுமதிப்பதில்லை. எல்ஜிஏ 1700 போர்டு வைத்திருப்பவர்கள் 12இலிருந்து 14ஆம் தலைமுறை வரை ஏறலாம். ஐ3-12100எஃப்பிலிருந்து ஐ5 ஒன்றுக்குத் தாவுவது சுலபமான, பலன் தெரியும் மாற்றம். 13, 14ஆம் தலைமுறையில் அதிக வாட் பிராசசரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கவனம். வோல்டேஜ் கோளாறால் அவற்றில் பல நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டிலிருந்து வந்த மைக்ரோகோடு (பிராசசரின் உள் மென்பொருள்) இனிமேல் கெடாமல் தடுக்குமே ஒழிய, ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது.

சாக்கெட் முடிந்துபோனவர்களுக்கு, அதாவது அதில் மேலே ஏற வேறு பிராசசர் இல்லாதவர்களுக்கு, பிராசசர் மாற்றம் என்பதே கிடையாது. பிராசசர், போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்துதான் வரும். ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5இல் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் மட்டுமே. கூலரின் பிடிப்பு பொருந்துமா என்று பார்க்க வேண்டும், போர்டு மாறியதும் விண்டோஸ் லைசென்ஸ் தகராறு செய்யலாம். இவ்வளவு செலவழித்துவிட்டு, கார்டு எல்லையாக இருந்த கேமைத் திறந்தால் ஒரு ஃபிரேம்கூட ஏறியிருக்காது.

விண்டோஸ் விஷயம் இங்கே தனியாக நிற்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெல் 8ஆம் தலைமுறையிலும் ரைசன் 2000 வரிசையிலும்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 11இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் (கணினியின் பாதுகாப்பு வசதிகள்) வேண்டும். பேட்டில்ஃபீல்ட் 6ம் செக்யூர் பூட் கேட்கிறது. வேகம் போதும் என்று நீங்கள் நினைத்தாலும் கேம் உள்ளே விடாமல் போகலாம்.

## ரேம்

8 ஜிபி என்றால் 16 ஆக்குங்கள். இதில் பெரிய விவாதம் இல்லை. ஒற்றை ரேம் போட்டிருப்பவர்கள் அதே மாதிரி இன்னொன்று போடும்போது கொள்ளளவோடு பாதையும் இரட்டிப்பாகிறது: டிடிஆர்4-3200 ஒற்றை சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி, இரட்டையில் 51.2 ஜிபி. தனிக் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசசரில் ஆடுபவர்களுக்கு இதன் பலன் மிக அதிகம், ஏனென்றால் அங்கே ரேம்தான் வீடியோ மெமரியும்.

16இலிருந்து 32க்குப் போவது பெரும்பாலான கேம்களில் கண்ணுக்குத் தெரியாது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது என்பதால் இதில் போடும் பணம் அடுத்த கணினிக்கு வராமல் போகலாம். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை வேறு ஏறிவிட்டது. டிடிஆர்4 வைத்திருப்பவர்கள் செகண்ட் ஹேண்ட் ரேமைத் தயங்காமல் வாங்கலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு இரவு ஓட்டிப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

## எஸ்எஸ்டி

ஃபிரேம் ஏறாது. லோடிங் நேரம் குறையும், திறந்த உலக கேம்களில் ஓடும்போது வரும் தடங்கல் குறையும். ஸ்டார்ஃபீல்டு மாதிரி சில கேம்கள் எஸ்எஸ்டியைக் கட்டாயமாகவே கேட்கின்றன. இன்னும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து கேம் ஆடுகிறீர்கள் என்றால் இதைச் செய்துவிடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. சாட்டா எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தால், அதைவிட வேகமான என்விஎம்இ வகைக்குத் தாவ வேண்டியதில்லை. நொடிக்கு 550 எம்பியும் 3500 எம்பியும் காகிதத்தில் பெரிய இடைவெளி, லோடிங்கில் பெரும்பாலும் ஓரிரு நொடி. எம்.2 ஸ்லாட் சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று போர்டின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## எஸ்எம்பிஎஸ்

யாருக்கும் இதில் காசு போட மனசு வராது. கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத பெட்டியில் புதுக் கார்டை மாட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் போட்டது மொத்தக் கணக்கு. 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கு அல்ல. மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் இணைப்பிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டவே வேண்டாம். கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் வகை வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள்: செருகும் முனை பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம், டிஸ்க்கோ போர்டோ கருகிவிடும். பிராண்டட் ஆபீஸ் கணினிகளில் பல, வழக்கமான 24 பின் இணைப்பையே பயன்படுத்துவதில்லை என்பதால் அங்கே எஸ்எம்பிஎஸ் மாற்றுவதே தனித் தலைவலி.

## மானிட்டர்

உங்கள் கணினி ஏற்கெனவே 120, 130 ஃபிரேம் தருகிறது, மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் உள்ளே எதையும் மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது மேசை மேல் இருக்கிறது. ஆனால் அதே ஆசையில் 1440பிக்குப் போகும்போது கணக்குப் போடுங்கள்: 1080பியில் 20.7 லட்சம் பிக்சல், 1440பியில் 36.9 லட்சம். முக்கால் மடங்குக்கும் மேலான கூடுதல் சுமை கார்டின் தலையில். மானிட்டர் வாங்கப் போய் கார்டும் வாங்கித் திரும்பும் வழி இதுதான். ஃபிரேம் 50, 70 என்று ஏறி இறங்கும் கணினிக்கு, ஃபிரேமுக்கேற்ப ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் உள்ள 1080பி மானிட்டர் நல்ல நடுவழி.

## ஒரே பார்வையில்

| பாகம் | எப்போது முதலில் | கூடவே இழுத்து வருவது | அடுத்த கணினிக்கு வருமா |
|---|---|---|---|
| கிராபிக்ஸ் கார்டு | கார்டு 95%க்கு மேல், கதை கேம், 1440பி | எஸ்எம்பிஎஸ், கேபினெட் இடம் | வரும் |
| பிராசசர் (அதே சாக்கெட்) | கார்டு சும்மா இருக்கிறது, போட்டி கேம் | பயோஸ், சில சமயம் கூலர் | அரிது |
| பிராசசர் + போர்டு + ரேம் | சாக்கெட் முடிந்தது, விண்டோஸ் 11 சிக்கல் | லைசென்ஸ், கூலர் | இதுவே அடுத்த கணினி |
| ரேம் | 8 ஜிபி அல்லது ஒற்றை ரேம் | ஒன்றுமில்லை | டிடிஆர் மாறினால் வராது |
| எஸ்எஸ்டி | இன்னும் ஹார்டு டிஸ்க் | ஒன்றுமில்லை | வரும் |
| எஸ்எம்பிஎஸ் | புதுக் கார்டுக்கு முன் | ஒன்றுமில்லை | வரும் |
| மானிட்டர் | ஃபிரேம் இருக்கிறது, ஹெர்ட்ஸ் இல்லை | 1440பி என்றால் கார்டு | வரும் |

## சில ஜோடிகளுக்கு என் தீர்ப்பு

ரைசன் 5 2600, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். போட்டி கேம் மட்டும் ஆடுபவர் 5600 வாங்கட்டும். கதை கேம் ஆடுபவர் கார்டு வாங்கட்டும். இரண்டும் ஆடுபவர் இப்போது கார்டும் அடுத்த முறை பிராசசரும் வாங்கலாம். அந்த வரிசையில் எதுவும் வீணாகாது.

ஐ3-12100எஃப், ஆர்எக்ஸ் 6600, ஒற்றை 8 ஜிபி. இன்னொரு 8 ஜிபி. வேறெதையும் இப்போது தொட வேண்டாம்.

ரைசன் 5 5600ஜி, கார்டு இல்லை. கார்டுதான். ஆனால் 5600ஜி பிசிஐஇ 3.0 மட்டுமே தரும். போர்டு எவ்வளவு புதிதாக இருந்தாலும் இது மாறாது. அதனால் மேலே சொன்ன நான்கு லேன் கார்டுகளை விட்டுவிட்டு எட்டு லேனுக்குப் போங்கள்.

நான்காம் தலைமுறை ஐ5, டிடிஆர்3, 1050 டிஐ. தொடக்கத்தில் கேட்ட கேள்வி ஏறக்குறைய இந்தக் கணினிதான். அதே சாக்கெட்டில் ஐ7 தேடி வாங்குவதையும், டிடிஆர்3 ரேம் கூட்டுவதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தப் பணம் அங்கேயே புதைந்துவிடும். எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ், பிறகு கார்டு என்று கழற்றி எடுத்துப் போகக்கூடியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் ஒன்றாக மாற்றலாம். காத்திருக்க முடியாதவர்களுக்கு என்னிடம் வேறு நல்ல வழி இல்லை.

எதை வாங்கினாலும், மாட்டுவதற்கு முன் கேமின் அதே இடத்தில் ஓரத்து எண்களைக் குறித்து வையுங்கள். ஏஎம்டி கார்டிலிருந்து என்விடியாவுக்கோ மறுதிசையிலோ மாறினால், டிடியு என்ற கருவியால் பழைய டிரைவரை முழுசாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பிறகு அதே இடத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். எண்கள் அசையவில்லை என்றால் எல்லை வேறு பாகத்தில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும்.